லேப்டாப்புக்கும் சூடு சொரணை உண்டு

போன இதழில் 'கேமிங் லேப்டாப் பற்றி எதையும் கேளுங்கள்' என்று ஒரு வரி போட்டது என் தப்புதான். வந்த கடிதங்களில் பாதி 'பிராசஸர் மாற்றலாமா?', மீதிப் பாதி 'ஏன் இப்படிக் கொதிக்கிறது?'. இரண்டும் ஒரே வியாதி என்பதால் ஒரே வார்டில் படுக்க வைத்திருக்கிறேன்.

கே: என் கேமிங் லேப்டாப்பில் ஐ5 இருக்கிறது. ஐ7 வாங்கி மாட்டிக்கொள்ளலாமா?
(கல்லூரி மாணவர், கோவில்பட்டி)

ப: பிறந்த வருஷத்தைச் சொல்லாமல் ஜாதகம் பார்க்கச் சொல்கிறீர்கள். 2014-க்குள் வந்த லேப்டாப் என்றால் வாய்ப்பு உண்டு. அதற்குப் பின் என்றால் அநேகமாக இல்லை.

இன்டெல்லின் நான்காம் தலைமுறை வரைக்கும் (2013-ல் வந்த ஹாஸ்வெல்) லேப்டாப் பிராசஸர்களில் ஒரு ரகம் சாக்கெட்டில் உட்கார்ந்திருக்கும். ஓரத்தில் இருக்கிற திருகை அரைச் சுற்று சுற்றினால் கையோடு வந்துவிடும். ஐந்தாம் தலைமுறையிலிருந்து எல்லாமே மதர்போர்டோடு பற்றவைத்தவை. அதை மாற்றுவது பல் பிடுங்குகிற வேலை இல்லை, தாடையையே மாற்றுகிற வேலை.

பிராசஸர் பெயரின் வாலைப் பாருங்கள். எம், க்யூஎம், எம்க்யூ என்று முடிந்தால் கழலக்கூடும். யு, எச்க்யூ என்று முடிந்தால் கழலாது. ஐ7-4700எம்க்யூ, ஐ7-4700எச்க்யூ இரண்டும் கிட்டத்தட்ட ஒரே சரக்கு; ஒன்று வாடகைக்கு இருக்கிறது, மற்றது பட்டா போட்டுவிட்டது. 'எம்' என்று இருந்தாலும் முழுசாக நம்பக் கூடாது. ஐ5-3210எம் இரண்டு வடிவத்திலும் வந்திருக்கிறது.

சிபியு-இசட் என்ற இலவச மென்பொருள் இதைச் சொல்லிவிடும். அதில் பிஜிஏ என்று காட்டினால் மாற்றலாம், பிஜிஏ என்று காட்டினால் மாற்ற முடியாது. அச்சுப்பிழை இல்லை ஐயா. தமிழில் எழுதினால் இரண்டுக்கும் ஒரே எழுத்து. முன்னதில் முதல் எழுத்து 'பின்'னைக் குறிக்கிறது, பின்னதில் 'பால்' என்கிற ஈய உருண்டையை. பின் என்றால் பிழைத்தீர்கள். பால் என்றால் அந்தப் பால் கறந்தாயிற்று, மடி புகாது.

கே: லேப்டாப்பை அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு விளையாடினால்?
(பெயர் வேண்டாம் என்றவர், ஆவடி)

ப: பெயர் வேண்டாம் என்றது புத்திசாலித்தனம். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த தண்ணீர்ப் பாட்டில் வெளியே எப்படி வியர்க்கிறது? அதே வியர்வை மதர்போர்டிலும் அரும்பும்.

கே: ஐ5-3210எம் இருந்த இடத்தில் ஐ7-3630க்யூஎம் போட்டேன். முதல் பத்து நிமிஷம் பறந்தது. அப்புறம் பழையதைவிட மோசம். என் தலையில் டூப்ளிகேட்டைக் கட்டிவிட்டார்களா?
(பைக் மெக்கானிக், கரூர்)

ப: சரக்கு நல்ல சரக்குதான். பஸ்தான் சின்னது.

பழையதில் இரண்டு கோர், 35 வாட். புதியதில் நான்கு கோர், 45 வாட். உங்கள் ஹீட் சிங்க் 35 பேருக்குச் செய்த மினி பஸ்ஸாக இருந்தால் 45 பேரை ஏற்றியதும் படிக்கட்டு உரசத்தான் செய்யும். முதல் பத்து நிமிஷம் செம்பு முழுக்கச் சூடேறுகிற வரை எல்லாம் சுகம். அப்புறம் இந்த ரகப் பிராசஸர் தன் எல்லையான 105 டிகிரியை நெருங்கும். நெருங்கியதும் உயிர் பிழைக்கத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இதற்குத்தான் த்ராட்லிங் என்று பேர். ஏர்கூல்டு பைக்கை டிராஃபிக்கில் அரை மணி நேரம் நிறுத்தி உறுமவிட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

வழி இரண்டு. ஒன்று, ஐ7-3632க்யூஎம். இதுவும் நான்கு கோர்தான், ஆனால் 35 வாட்டுக்குள் அடங்கும். உச்ச வேகம் கொஞ்சம் குறைவு. பழைய ஹீட் சிங்க்கே தாங்கும். இரண்டு, உங்கள் மாடலையே கம்பெனி ஐ7-ஓடும் விற்றிருக்கிறதா என்று பாருங்கள். விற்றிருந்தால் அதற்குப் பெரிய ஹீட் சிங்க் கொடுத்திருக்கக்கூடும். பார்ட் நம்பரை ஒப்பிட்டு அதையே வாங்கி மாட்டுங்கள். அடாப்டரையும் பாருங்கள்; அது முன்பே 65 வாட்டில் மூச்சுவாங்கிக்கொண்டிருந்தால், விளையாடும்போது பேட்டரி இறங்குவதே அதற்கு அடையாளம்.

கே: இரண்டாம் தலைமுறை லேப்டாப்பில் மூன்றாம் தலைமுறை பிராசஸர் உட்காருமா?
(நெட் சென்டர் உரிமையாளர், விருத்தாசலம்)

ப: உட்காரும், இரண்டுக்கும் சாக்கெட் ஒன்றுதான். ஆனால் வந்திருக்கும் மாப்பிள்ளையை பயாஸ் அடையாளம் கண்டுகொள்ள வேண்டும். பழைய பிராசஸர் உள்ளே இருக்கும்போதே, கம்பெனி கொடுத்த கடைசி பயாஸ் அப்டேட்டைப் போட்டுவிடுங்கள். மாட்டிய பிறகு போடலாம் என்றால் திரை கறுப்பாகத்தான் இருக்கும். நான்காம் தலைமுறைக்கு சாக்கெட்டே வேறு. அழுத்திப் பார்க்காதீர்கள்.

கே: நானே மாற்றிவிடலாமா, கடையில் கொடுக்கட்டுமா?
(பி.இ. மூன்றாம் ஆண்டு, சிவகாசி)

ப: கை நடுங்காது என்றால் நீங்களே மாற்றலாம். எனக்கு ஒருமுறை நடுங்கியது. சாக்கெட் திருகு முழுசாகத் திரும்பும் முன்பே அவசரப்பட்டு பிராசஸரை நெம்பினேன். எடுத்துப் பார்த்தால், அடியில் புல்வெளி மாதிரி நிற்கும் 988 பின்களில் ஓர் ஓரத்துப் பின் மட்டும் தலை சாய்ந்திருந்தது. கரிக் குச்சியை எடுத்துவிட்ட 0.5 மெக்கானிக்கல் பென்சிலின் மூக்கை அந்தப் பின்னில் செருகி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒரு மயிரிழை நிமிர்த்தி, பார்த்து, இன்னொரு மயிரிழை நிமிர்த்தி... முக்கால் மணி நேரம் ஆனது. குழந்தைக்குக் காது குத்தினபோதுகூட அவ்வளவு பயந்ததில்லை.

நீங்கள் என்ன செய்ய வேண்டும்? கழற்றும் முன் ஐந்து நிமிஷம் லேப்டாப்பை ஓடவிட்டு பேஸ்ட்டை இளக்குங்கள். அணைத்து, முதலில் பேட்டரி இணைப்பைப் பிடுங்குங்கள். ஹீட் சிங்க் திருகுகளின் பக்கத்தில் 1, 2, 3, 4 என்று எழுதியிருக்கும். மாட்டும்போது அந்த வரிசை, கழற்றும்போது தலைகீழ். பிராசஸரின் மூலையில் பொடியாக ஒரு முக்கோணம் இருக்கும், சாக்கெட்டிலும் இருக்கும். முக்கோணத்தோடு முக்கோணம் சேர்ந்தால் தன் எடையிலேயே பொத்தென்று விழுந்து உட்காரும். விரலால் அழுத்த வேண்டி வந்தால் எங்கோ தப்பு.

திருகுகளை ஒரு வெள்ளைத் தாளில், எங்கே இருந்ததோ அதே வடிவத்தில் அடுக்கி வையுங்கள். மாட்டி முடித்ததும் ஒரு திருகு மிஞ்சுவது கம்ப்யூட்டர் உலகின் மாறாத விதி என்பார்கள். மிஞ்சியது குட்டைத் திருகாக இருந்தால்தான் கவலை: அதன் குழியில் நீளத் திருகை முடுக்கியிருக்கக்கூடும், நீளத்தின் குழி காலியாக இருக்கும்.

கே: 95 டிகிரி காட்டுகிறது. லேப்டாப் உருகிவிடுமா?
(ஒரு வாசகி, தென்காசி)

ப: 95 என்பது இட்லிப் பானையின் சூடுதான். பயமாக இருந்தாலும், பிராசஸருக்கு அது தாங்குகிற சூடு. எல்லை மீறினால் வேகத்தைக் குறைக்கும், அதற்கும் அடங்காவிட்டால் தன்னை அணைத்துக்கொள்ளும். உருகாது. சுற்றியிருக்கிற மற்ற சாமான்களுக்குத்தான் ஆயுள் குறையும். அவற்றில் பேட்டரி முதலாவது. டச்பேட் மேலே எழும்பி வருகிற மாதிரி இருந்தால் அடியில் பேட்டரி உப்பிவிட்டது என்று அர்த்தம். அன்றோடு விளையாட்டை நிறுத்திவிட்டுக் கழற்றக் கொடுங்கள். குத்திப் பார்க்கவே கூடாது.

கே: மூன்று வருஷமாக நன்றாக ஓடியது, இப்போது மட்டும் ஏன் திணறுகிறது? பிராசஸர் கிழடாகிவிட்டதா?
(வங்கி ஊழியர், பொள்ளாச்சி)

ப: பிராசஸருக்கு வயசாகவில்லை, மூக்கு அடைத்திருக்கிறது.

அடிமூடியைக் கழற்றி ஃபேனைப் பாருங்கள். இறக்கைகள் பளிச்சென்று இருக்கும், 'சுத்தமாகத்தானே இருக்கிறது' என்று மூடிவிடுவீர்கள். அங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறோம். ஃபேனுக்கும் செம்புத் தகடுகளுக்கும் நடுவே ஒரு சந்து உண்டு. ஃபேனின் திருகுகளை எடுத்து அதைத் தூக்கினால்தான் தெரியும். அந்தச் சந்தில், தகடுகளின் முகத்தில், சாம்பல் நிறத்தில் ஒரு கம்பளம் படிந்திருக்கும். தூசி, தலைமுடி, தலையணைப் பஞ்சு, பூனை இருந்தால் பூனை முடி எல்லாம் காற்றில் அடித்து அடித்து நெய்த கம்பளம். இடுக்கியால் ஓரத்தைப் பிடித்து இழுத்தால் முழுசாக, செவ்வகமாக, ஒரே துண்டாக உரிந்து வரும். இதைவிடத் திருப்தியான காட்சி எனக்கு இந்தத் தொழிலில் வேறில்லை.

புளோயர் அடிக்கும்போது ஃபேன் இறக்கையைப் பல்குத்தும் குச்சியால் நிறுத்திப் பிடியுங்கள். இல்லாவிட்டால் அது தன் வாழ்நாளில் சுற்றாத வேகத்தில் சுற்றி, பேரிங்கைக் கெடுத்துக்கொள்ளும். அடைப்பை எடுக்காமல் வெளியிலிருந்து மட்டும் ஊதினால், கம்பளம் கொஞ்சம் உள்ளே தள்ளி உட்காரும், அவ்வளவுதான்.

இதைச் செய்த பிறகும் திணறினால் பிராசஸர் பற்றிப் பேசலாம். எனக்கு வந்த 'பிராசஸர் மாற்ற வேண்டும்' கேஸ்களில் பல, இந்தக் கம்பளத்தோடு முடிந்துவிட்டன.

கே: ஹீட் பைப்புக்குள் என்ன இருக்கிறது? வெறும் செம்புக் கம்பிதானே?
(பிளஸ் டூ மாணவி, நாமக்கல்)

ப: கம்பி இல்லை அம்மா, குழாய். உள்ளே காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, துளியூண்டு தண்ணீர் விட்டு மூடியிருப்பார்கள். அழுத்தம் குறைந்த இடத்தில் தண்ணீர் நூறு டிகிரிக்குக் காத்திருக்காது; வெகு சீக்கிரமே ஆவியாகும். பிராசஸர் பக்கம் ஆவி, ஃபேன் பக்கம் போய்க் குளிர்ந்து மறுபடி தண்ணீர், உட்சுவரில் இருக்கிற திரி போன்ற நுண்துளைச் செம்பு வழியாகத் திரும்பப் பிராசஸருக்கு. இட்லிப் பானை மூடியின் உட்பக்கம் பார்த்திருக்கிறாயா, அதே கதை. 1963-ல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் ஜார்ஜ் குரோவர் இதை உருவாக்கினார். விண்கலத்துக்கு என்று நினைத்துச் செய்தது இன்று உன் அண்ணன் மடியில் இருக்கிறது. வளைக்கச் சொல்லாதே. நசுங்கினால் உள்ளே போக்குவரத்து நின்றுவிடும்.

கே: தெர்மல் பேஸ்ட்டுக்குப் பதில் டூத் பேஸ்ட் போடலாம் என்கிறான் என் நண்பன்.
(டிப்ளமோ மாணவர், ராணிப்பேட்டை)

ப: ஒரு மணி நேரம் நன்றாக வேலை செய்யும். அப்புறம் ஈரம் காய்ந்து சுண்ணாம்பாகிவிடும். நண்பனைப் பல் துலக்கச் சொல்லுங்கள்.

கே: தெர்மல் பேஸ்ட் எவ்வளவு வைப்பது? எத்தனை மாதத்துக்கு ஒருமுறை?
(பலர்)

ப: டெஸ்க்டாப்புக்கு 'பட்டாணி அளவு' என்பார்கள். அங்கே பிராசஸர் மேல் உலோகத் தொப்பி உண்டு. லேப்டாப் பிராசஸர் மொட்டைத் தலை. சிலிக்கான் கண்ணாடி மாதிரி நேராகத் தெரியும். அதனால் மெல்லிசாக, ஒரு மூலைகூட விடாமல் முழுக்கப் பூச வேண்டும். விட்ட மூலை தனியாகக் கொதிக்கும். பழையதை ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்த பிறகுதான் புதுசு. ஒரு கடையில் (பெயர் வேண்டாம்) பழைய பேஸ்ட்டின் மேலேயே புதுசைத் தோசைக்கு வெண்ணெய் மாதிரி தடவிக் கொடுத்தார்கள். காசு கொடுத்து வாங்கிவந்தவன் நான்தான்.

லேப்டாப் தினம் சூடேறி ஆறுவதில் நீர்த்த பேஸ்ட் மெல்ல மெல்ல ஓரத்துக்கு ஒதுங்கி நடுவில் வறண்டுவிடும். டெஸ்க்டாப்பில் பேர் வாங்கிய சில பேஸ்ட்டுகள் லேப்டாப்பில் சில மாதத்தில் கைவிடுவது இதனால்தான். கெட்டியான பேஸ்ட் பாருங்கள். அல்லது ஹனிவெல்லின் பிடிஎம்7950 போன்ற தகடு. அறைச் சூட்டில் மெழுகுத்தாள் மாதிரி இருக்கும், 45 டிகிரி வாக்கில் இளகிப் பரவும், ஒதுங்கி ஓடாது. என் ஓட்டு அதற்குத்தான். ஒட்டும் முன் ஃபிரிட்ஜில் பத்து நிமிஷம் வைத்தால் மேல்தாள் சுலபமாக உரியும். ஆவடி அன்பர் கவனிக்க: தகடை மட்டும், லேப்டாப்பை இல்லை.

பக்கத்தில் கிராபிக்ஸ் மெமரி மேல் இருக்கும் ரப்பர் மாதிரியான பேடுகளின் தடிமன் முக்கியம். 1 மில்லிமீட்டர் இருந்த இடத்தில் 1.5 வைத்தால் ஹீட் சிங்க் தூக்கிக்கொண்டு நிற்கும், பிராசஸரைத் தொடாது.

கே: லிக்விட் மெட்டல்?
(யூடியூப் பார்த்துக் கெட்டுப்போனவர், இது அவரே போட்ட கையெழுத்து, சேலம்)

ப: கேலியம், இண்டியம், வெள்ளீயம் கலந்த திரவ உலோகம். சூட்டைக் கடத்துவதில் பேஸ்ட்டையெல்லாம் தூக்கிச் சாப்பிடும். அலுமினியத்தையும் சாப்பிடும், அதுதான் சிக்கல். ஹீட் சிங்க்கின் அடி அலுமினியமாக இருந்தால் அரித்துப் பொடியாக்கிவிடும். தவிர மின்சாரமும் கடத்தும். ஒரு துளி பக்கத்தில் உருண்டால் மதர்போர்டுக்குத் திவசம். பிளேஸ்டேஷன் 5-லும் சில ஆசுஸ் ரோக் லேப்டாப்களிலும் இதுதான் இருக்கிறது. ஆனால் அவர்கள் சுற்றிலும் வரப்பு கட்டி மெஷினால் பூசுகிறார்கள். நீங்கள் காதுகுடையும் பஞ்சால் பூசுவீர்கள்.

கே: என் பையன் மெத்தையில் வைத்துத்தான் விளையாடுகிறான். சொன்னால் கேட்பதில்லை. நீங்களாவது எழுதுங்கள்.
(ஒரு அம்மா, மன்னார்குடி)

ப: தம்பி, லேப்டாப் மூச்சிழுப்பது வயிற்றால். மெத்தையில் வைத்தால் குப்புறப் படுத்துத் தலையணையில் முகம் புதைத்த மாதிரி. அம்மாவிடம் சொல்லி பழைய பரீட்சை அட்டை ஒன்றை அடியில் வை. அம்மாவுக்கு: பரீட்சை நெருங்கும் நேரமாக இருந்தால் இந்தப் பதிலைக் காட்ட வேண்டாம்.

கே: கூலிங் பேட் வாங்கலாமா?
(ஐ.டி. ஊழியர், திருப்பூர்)

ப: பின்பக்கம் இரண்டு பாட்டில் மூடிகளை வைத்துத் தூக்கிப் பாருங்கள். சில டிகிரி இறங்கினால் உங்கள் லேப்டாப்புக்குக் காற்று போதவில்லை, ஸ்டாண்டோ பேடோ உதவும். ஒன்றும் இறங்காவிட்டால் பிரச்சினை உள்ளே இருக்கிறது. நீல விளக்கு எரியும் பேடு வாங்கினால் நீல விளக்கு எரியும்.

கே: ஸ்க்ரூடிரைவர் தொடாமல் சூட்டைக் குறைக்க வழி இல்லையா?
(ஹாஸ்டல் வாசி, காரைக்குடி)

ப: உண்டு. முதலில் ஃப்ரேம் ரேட்டைக் கட்டுங்கள். 60 ஹெர்ட்ஸ் திரையில் கேம் 140 ஃப்ரேம் வரைந்தால், நீங்கள் பார்க்காத 80 ஃப்ரேமுக்கும் சேர்த்து லேப்டாப் வியர்க்கிறது.

அடுத்தது, விண்டோஸ் பவர் ஆப்ஷனில் 'மேக்ஸிமம் பிராசஸர் ஸ்டேட்' என்பதை 100-லிருந்து 99 ஆக்குங்கள். ஒரு சதவீதம்தானே என்று தோன்றும்; பெரும்பாலான இன்டெல் லேப்டாப்களில் டர்போ என்கிற உபரி வேகம் மொத்தமாக அணைந்துவிடும். சூடு மடமடவென்று இறங்கும். வேகமும் இறங்கும், ஆனால் பல கேம்களில் தெரியாது, ஏனென்றால் அங்கே வேலை கிராபிக்ஸுக்கு.

மூன்றாவது அண்டர்வோல்டிங், த்ராட்டில்ஸ்டாப் போன்ற மென்பொருளில் பிராசஸருக்குப் போகும் வோல்டேஜைச் சிறிது சிறிதாகக் குறைப்பது. மின்செலவு வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. 1.1 வோல்ட் கேட்பதை 1.0-ல் ஓட்ட முடிந்தால், அதே வேகத்தில் கணக்குப்படி 17 சதவீதம் மிச்சம். இலவசமாகக் கிடைத்ததை விடுவார்களா? 2019 டிசம்பரில் 'பிளண்டர்வோல்ட்' என்ற பாதுகாப்பு ஓட்டையை ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்டார்கள். வோல்டேஜை ஆட்டி ரகசியங்களைக் கறக்க முடியும் என்று. அதன்பின் பல கம்பெனிகள் பயாஸ் அப்டேட்டில் அந்தக் கதவைப் பூட்டிவிட்டன. திறந்திருந்தால் உங்கள் அதிர்ஷ்டம்.

கே: சித்திரை மாதம் வந்தாலே லேப்டாப் படுத்துவிடுகிறது. என் பிரமையா?
(வேலூர்க்காரர்)

ப: வேலூரில் பிரமை வேறா வேண்டும்? ஃபேன் உறிஞ்சுவது உங்கள் அறைக் காற்றை. 25 டிகிரி ஏசி அறையில் 80-ல் நின்ற லேப்டாப், 40 டிகிரி அறையில் 95-க்கு வரும். எந்த ஃபேனாலும் அறையைவிடக் குளிராக எதையும் ஆக்க முடியாது. ராத்திரி விளையாடுங்கள்.

கே: ரிச்சி ஸ்ட்ரீட்டில் பழைய லேப்டாப் பிராசஸர் வாங்கும்போது என்ன பார்க்க வேண்டும்?
(சின்ன சர்வீஸ் சென்டர் நடத்துபவர், செங்கல்பட்டு)

ப: மேலே பொறித்திருக்கும் எழுத்து. 'எஸ்ஆர்' என்று தொடங்கும் ஐந்தெழுத்துக் குறி இருந்தால் கடைக்கு வந்த சரக்கு. 'க்யூ' என்று தொடங்கி, 'இன்டெல் கான்ஃபிடென்ஷியல்' என்றும் போட்டிருந்தால் அது கம்பெனிகள் சோதித்துப் பார்க்க வந்த மாதிரிச் சரக்கு. விலை மலிவாக இருக்கும், உங்கள் பயாஸ் அதை மதிக்காது. பிறகு பின்களைச் சாய்த்துப் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள், வரிசை கலையக் கூடாது. சிலிக்கானின் மூலைகள் உடைந்திருக்கக் கூடாது.

இதற்கெல்லாம் செலவு செய்யும் முன் வாடிக்கையாளரிடம் ஒன்று சொல்லிவிடுங்கள். நான்காம் தலைமுறையின் உச்சப் பிராசஸரைப் போட்டாலும், விண்டோஸ் 11-ன் அதிகாரப்பூர்வப் பட்டியல் அநேகமாக இன்டெல்லின் எட்டாம் தலைமுறையில்தான் தொடங்குகிறது. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓடு வழக்கமான ஆதரவு முடிந்தது. லினக்ஸுக்கு இந்த ஜாதி பேதம் இல்லை. அதே காசில் ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டால் அவர் முகம் அதிகம் மலரும்.

கே: ஏன் எல்லாவற்றையும் பற்றவைத்துவிட்டார்கள்? சதிதானே?
(ஓய்வுபெற்ற ஆசிரியர், பட்டுக்கோட்டை)

ப: பாதி சதி, பாதி நம் ஆசை. சாக்கெட் சில மில்லிமீட்டர் உயரம் பிடிக்கும். 'எங்கள் லேப்டாப் ஒல்லி' என்றார்கள், நாம் கைதட்டினோம். நடுவில் முரட்டு லேப்டாப்கள் சில வந்தன. 2017-ல் ஆசுஸ் ஒரு ரோக் மாடலில் டெஸ்க்டாப் ரைசன் 7-ஐயே வைத்தது. 2019-ல் ஏலியன்வேர் ஏரியா-51எம் டெஸ்க்டாப் சாக்கெட்டோடு வந்தது. இரண்டையும் தோளில் மாட்டிக்கொண்டு பட்டுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் நிற்க முடியாது. இப்போது ஃபிரேம்வொர்க் என்ற கம்பெனி வேறு பாதை பிடித்திருக்கிறது: பிராசஸர் ஒட்டியதுதான், ஆனால் மதர்போர்டையே கழற்றிப் புதுத் தலைமுறைப் போர்டை அதே உடம்பில் மாட்டலாம்.

கே: ஊருக்கெல்லாம் சொல்கிறீர்களே, உங்கள் லேப்டாப் எது?
(கோவில்பட்டி மாணவரே, மறுபடியும்)

ப: 2012 மாடல். வாங்கும்போது ஐ5, இப்போது ஐ7-3632க்யூஎம், ஒரு பின் மட்டும் லேசாகக் கோணல். இடதுபக்கக் கீல் உடைந்து சைக்கிள் டியூப் துண்டால் கட்டியிருக்கிறேன். பின்னால் இரண்டு சோடா மூடி. அடியில் ஒரு திருகு குறைவு. அது இன்னும் அந்த வெள்ளைத் தாளில்தான் இருக்கிறது.